என் மகளின் ஆள்காட்டி விரலும் என் ஜெராக்ஸ் மெஷினும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளின் வலது கை ஆள்காட்டி விரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தபோது, அதற்குக் காரணம் என் ஜெராக்ஸ் மெஷின்தான் என்று நம்பினேன். அரைகுறையாக இல்லை. முழுசாக நம்பினேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறி வந்தால் ஒரு சந்து. அந்தச் சந்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் சாயங்காலம் நேராகக் கடைக்குத்தான் வருவாள். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரில் வெதுவெதுப்பாக இருக்கும் இரண்டே இடம், டீக்கடை பாய்லர் ஓரம், ஜெராக்ஸ் மெஷின் மூடி. அவள் மூடிமேல் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு வாய்ப்பாடு படிப்பாள். மூடிக்கு அடியில் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வரும். அத்தனை வருஷம் அந்த வெளிச்சம் கைக்குள் இறங்கி, ஊறி, இருபத்து மூன்று வயசில் விரல் நுனி வழியாக வெளியே வரப் பார்க்கிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பேக்கரி கவுண்டரில் வர்க்கி பிஸ்கட் எடை போட்டுக் கொடுக்கிறவள். எதையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் பேசுவாள்.

"ஏனுங்க, அந்த வெளிச்சம்னா மொதல்ல உங்களுக்கில்ல வந்திருக்கோணும்? நீங்கதான அதுகூட இருபது வருசமா குடும்பம் நடத்துறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் பயந்தவனிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

விரலை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் இட்லி இருந்தது. அவள் இட்லியைத் தொடவில்லை. விரல் மட்டும் தட்டின் ஓரத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்து, "என்ன பாட்டு அம்மிணி?" என்று கேட்டேன்.

"பாட்டெல்லாம் இல்லப்பா. அதுவா ஆடுது."

அதுவா ஆடுது. இந்த இரண்டு வார்த்தை என்னை ஐந்து நாள் ஆட்டிவைத்தது.

மற்ற நாளாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அந்த வாரம் வேறு மாதிரி வாரம். மகள் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏலத்துக்கு வரும் தேயிலையை விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் டிரெய்னி. நீளமான மேஜையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஃபேக்டரியின் தூளை ஒரே எடையில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். இறங்கிய டீயை ஸ்பூனில் எடுத்து உறிஞ்சி, இது கெட்டி, இது சப்பை, இது கருகினது என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையோடு அவளுக்குச் சோதனைக் காலம் முடிகிறது. அன்றைக்கு, கம்பெனியிலேயே ருசி பார்ப்பதில் மூத்தவரான பெரியவர் ஒருவர் அறுபது கோப்பை வரிசையில் அவளோடு கூடவே ருசி பார்ப்பார். அவர் சொல்வதும் அவள் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம்பொண்ணு டீ குடிச்சே சம்பளம் வாங்கறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது ஸ்பூன் பிடிக்கிற விரலே ஆடினால்?

என்னைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பாதி டாக்டர். இன்சூரன்ஸுக்காக இந்த மலையில் எடுக்கிற அத்தனை ஸ்கேன் ரிப்போர்ட்டும் என் மெஷின் வழியாகத்தான் போகிறது. தலைகீழாக வைத்திருக்கிறேனா என்று பார்க்கிற சாக்கில் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். எனக்குத் தெரியாத கொலஸ்ட்ரால் இந்த ஊரில் கிடையாது. யாருடைய தைராய்டு ஏறியிருக்கிறது, யாருடைய முதுகெலும்பில் எந்த எண் வட்டு நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில். விரல் நுனி என்றதும் மறுபடி பகீர் என்கிறது.

மெஷின்மேல் இருந்த சந்தேகத்தை மனைவி உடைத்துவிட்டதால் அடுத்த காரணத்துக்குத் தாவினேன். திங்கட்கிழமை குற்றவாளி, போன். நாள் முழுக்க அந்த விரலால்தான் திரையைத் தள்ளுகிறாள். தள்ளித் தள்ளிப் பழகிய விரல், போன் இல்லாதபோதும் தள்ளுகிறது. போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உப்புச் சத்துக் குறைவோ என்று செவ்வாய்க்கிழமை ஒரு சீப்பு மலைவாழைப்பழம். குளிர்தான் காரணம் என்று கம்பளிக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு அவள் தோசை தின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றி உட்காருவாளே, நரம்பு நசுங்கியிருக்குமோ? அங்கே ஒரு தலையணை. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் நடுவில், நரம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று என் கையாலேயே கெட்டியாக ஒரு இஞ்சி டீ. வேலைக்குப் போகும்போது ஃபிளாஸ்க்கிலும் ஊற்றிக் கொடுத்தேன். பெண் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. கடை வாசலில் உட்கார்ந்து, என் போனில் 'விரல் துடிப்பு' என்று தட்டினேன். தூக்கம் குறைந்தால் வரும், மனசில் பாரம் இருந்தால் வரும், வீசிங்குக்கு இழுக்கிற மருந்தால் வரும், அதிக வேலை கொடுத்தால் வரும், இளவயசுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்று மேலே வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் வேகமாகத் தாண்டினேன். நல்ல சேதியைப் படிக்கவா போனைத் திறந்தேன்? கடைசியில் ஒரு வியாதி இருந்தது. வாயில் நுழையாத பேர். அந்தப் பேர் நீளமாக நீளமாக என் மகளின் ஆயுசு குறைந்துகொண்டே வந்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதே என் இடது கைச் சுண்டுவிரல் ஒரு துள்ளு துள்ளியது. உற்றுப் பார்த்தேன். மறுபடி துள்ளியது. ஆதார் கார்டு லேமினேஷனுக்கு வந்திருந்த அம்மா, "ஏனுங்கண்ணா, மீன் புடிச்ச கையாட்டம் துள்ளுது?" என்றார்.

ஆக, இது குடும்ப வியாதி. என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது. பெற்றதற்கு நான் கொடுத்த சீதனம்.

புதன்கிழமை நான் செய்த காரியத்துக்கு இன்று வரைக்கும் வீட்டில் மன்னிப்பு கிடைக்கவில்லை. ஆடும் விரலோடு அவள் அந்தப் பெரியவர் முன்னால் நின்று, ஸ்பூனைக் கீழே போட்டு, வேலையும் போய், அவமானமும் ஆகி, மேற்கொண்டு வியாதியும் முற்றி... இதைத் தடுக்க ஒரே வழி, சோதனையைத் தள்ளிப்போடுவது. அவளிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் கேட்கவில்லை. கடை கம்ப்யூட்டரில் நானே ஒரு கடிதம் அடித்தேன். என் மகள் நரம்புத் தளர்ச்சியால் அவதிப்படுவதாலும், குடும்பத்திலேயே அந்த நோய் இருப்பதாலும், ஒரு மாத மருத்துவ விடுப்பு அளித்துக் காக்க வேண்டுமாய். மூன்று காப்பி எடுத்தேன், தொழில் பழக்கம். ஒன்றைக் கவரில் போட்டு ஒட்டி, அந்தக் கம்பெனி வாசலில் இருந்த வயசான வாட்ச்மேனிடம் கொடுத்து, "உள்ள குடுத்துருங்க, அவசரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஒரு மாதம் லீவு கேட்கிற டிரெய்னியை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது என்பது வழியில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. சரி, உயிர் பெரிசா வேலை பெரிசா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவளை ஒன்றரை மணி நேரம் பர்மிஷன் போடச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாடியில் சின்ன கிளினிக். பெண் டாக்டர், என் வயசுதான் இருக்கும்.

"எத்தன நாளா இருக்கு?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணில இருந்துங்க டாக்டர்" என்றேன் நான்.

"ரெண்டு வாரமா இருக்குங்க மேடம்" என்றாள் மகள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தூக்கம் எப்படி?"

"கட்டையாட்டம் தூங்குவாளுங்க."

"சரியா வர்றதே இல்லீங்க."

"மாத்திரை, வீசிங் மருந்து ஏதாவது? எடை குறைஞ்சுதா?"

"இல்லீங்க" என்றோம் இருவரும் சேர்ந்து. அந்த ஒன்றில் மட்டும் அப்பனும் மகளும் ஒத்துப்போனோம்.

"டீ, காபி எத்தன தடவ?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்க. இந்த வாரம் நான்தான் கொஞ்சம் சேத்துக் குடுத்தேன், தெம்புக்கு."

மகள் மறுபடி சுவரைப் பார்த்தாள். டாக்டர் அவளை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஏனுங்க, வெளிய ஒரு பெஞ்ச் இருக்கு. நல்ல பெஞ்ச். போயி உக்காருங்க."

"எனக்கும் வெரல் துடிக்குதுங்க டாக்டர்."

"அந்த பெஞ்ச்ல உக்காந்தா நிக்கும்."

போய் உட்கார்ந்தேன். நிற்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் ஏதோ தணிந்த குரலில் சொல்வது கேட்டது. அப்புறம் டாக்டர் சிரித்த சத்தம். வாய்விட்ட சிரிப்பு. வாயில் நுழையாத பேருள்ள வியாதி வந்தவளைப் பார்த்து ஒரு டாக்டர் இப்படிச் சிரிப்பாரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உள்ளே கூப்பிட்டார். கைப்பிடி பலம் பார்த்தாராம், உணர்ச்சி பார்த்தாராம், முழங்கையில் தட்டிப் பார்த்தாராம். எதிலும் குறையில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தைராய்டுக்கும் உப்புச் சத்துக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "கையில பலம் கொறஞ்சா, மரத்துப்போனா, சதை மெலிஞ்சா ஒடனே வாங்க. இப்பத்திக்கு அது ஒண்ணும் இல்ல. டீய நிறுத்தட்டும், நல்லா தூங்கட்டும். நீங்களும்தான். போன கொஞ்சம் கீழ வைங்க."

"ரெண்டு டீக்கா டாக்டர் இப்படி?"

"அத உங்க பொண்ணு சொல்லுவா."

ரத்தம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குக் கிளம்பினோம். இரண்டாவது வளைவில் ஆட்டோ நின்றது. நடு ரோட்டில் ஒரு காட்டெருமை, கல்யாணத்துக்கு வந்த மாமனார் மாதிரி, யாருக்கும் வழிவிடாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஹாரன் அடிக்கிறவன் வெளியூர்க்காரன். அது போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

"சொல்லு அம்மிணி" என்றேன்.

"அப்பா, அங்க ருசி பாத்துட்டுத் துப்போணும்."

"எங்க?"

"இடுப்பு உசரத்துக்கு ஒரு பாத்திரம் இருக்கும், அடியில சக்கரம் வெச்சு. அதைக் கூடவே தள்ளிக்கிட்டு வரோணும். ஸ்பூன்ல எடுத்து சர்ருனு உறிஞ்சி, வாயெல்லாம் ஒரு சுத்துச் சுத்தி, ஃபூன்னு அதுல துப்பிட்டு அடுத்த கப்பு. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"நீ?"

"குனிஞ்சு துப்பற மாதிரி காட்டிட்டு, முழுங்கிருவேன்."

"ஒரு நாளைக்கு எத்தன கப்பு?"

"நூறு, நூத்தம்பது வரும். எல்லாமே திக்கா இறக்கின டீ. கப்புக்கு ஒரு ஸ்பூன்."

முன்சீட்டிலிருந்து டிரைவர் திரும்பினார். "நூத்தம்பதா? எனக்கு நாலு டீ குடிச்சாலே ஹேண்டில் ஆடுது தங்கச்சி!"

"ஏஞ்சாமி முழுங்குனே?" என்று கேட்டேன்.

"ஆறு ஆம்பளைங்கப்பா அங்க. நான் ஒருத்திதான் பொண்ணு. அத்தன பேர் முன்னாடி எப்படித் துப்பறது? மொத நாள் வாய்ல வெச்சுட்டு நின்னேன், நின்னேன், வரவே மாட்டேங்குது. முழுங்கிட்டேன். அப்பறம் அதே பழகிப்போச்சு." என் பக்கம் திரும்பி, "நம்ம கடை போர்டு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இல்லாமல் இருக்குமா? பஸ் ஏற வருகிறவர்கள் வெற்றிலையை மென்று என் கடைச் சுவரில் கோலம் போட்டுவிட்டுப் போவார்கள். 'இங்கே துப்பாதீர்கள்' என்று தமிழ், இங்கிலீஷ், மலையாளம் மூன்றிலும் போர்டு வைத்து, மீறித் துப்பியவர்களைப் படிக்கட்டு வரைக்கும் துரத்திச் சண்டை போட்டவன் நான். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் உதட்டின்மேல் பெருக்கல் குறி போட்ட ஒரு முகம் உண்டு. அதை வரைந்தவள் இவள்தான். அப்போது ஒன்பது வயசு.

ஆக, ஜெராக்ஸ் மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் வாசலில் தொங்கிய போர்டுமேல். அது போதாதென்று, நூற்றைம்பது ஸ்பூன் டீ முழுங்கிவிட்டு வருகிற பெண்ணுக்கு நான் இஞ்சி டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஃபிளாஸ்க் வேறு.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்னப்பா?"

சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? நாளைக்குச் சோதனை.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் விரல்கூட ஆடாமல் நின்றுவிட்டது. "யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

பதிலுக்குச் சட்டைப் பையிலிருந்த இன்னொரு காப்பியை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிரித்தாள். "'நரம்புத் தளர்ச்சியால் அவதிப்படுவதாலும்...' தளர்ச்சியா? எனக்கா?"

"சத்தமாப் படி தங்கச்சி" என்றார் டிரைவர். "அது போக இன்னும் நேரமாகும்."

அவள் படிக்கவில்லை. எட்டாக மடித்து என் பையிலேயே திரும்பத் திணித்தாள். "ரெண்டு மாசமா வவுத்தப் புடிச்சுட்டு முழுங்கி முழுங்கி வேல பாத்திருக்கேம்ப்பா. அது போச்சுன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. நான் அந்தக் காட்டெருமையை மனசுக்குள் கும்பிட்டேன். அது காது கொடுக்காமல், சாவகாசமாக ஓரத்துப் புல்லை ஒரு வாய் கடித்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கியது.

கம்பெனி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டேன். வாட்ச்மேன் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"நேத்துக் குடுத்த கவருங்க ஐயா..."

"அதையா கேக்குறீங்க? மேல ஒரு பேரும் எழுதலையே தம்பி. யாருக்குன்னு தெரியாம யாருகிட்டக் குடுக்கறது? நீங்களே வருவீங்கன்னு பத்திரமா வெச்சிருக்கேன்." சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் ரசம் ஊறியிருந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இருபது வருஷமாக மனு எழுதிக் கொடுத்து, விலாசம் சரியா என்று இரண்டு தடவை கேட்கிறவன், என் சொந்த மனுவுக்கு விலாசம் எழுதவில்லை. வாழ்க்கையில் நான் செய்த நல்ல தப்பு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக் கொல்லையில் பயிற்சி நடந்தது. ஒரு பக்கெட், பத்து டம்ளர், டம்ளரில் வெறும் வெந்நீர். மகள் ஒரு ஸ்பூன் உறிஞ்சினாள். வாய்க்குள் சுற்றினாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். முழுங்கினாள்.

"துப்பு கண்ணு" என்றேன்.

"நீங்க பாத்துட்டே இருந்தா எப்படித் துப்பறது?"

"அங்க ஆறு பேர் பாப்பாங்கல்ல? இரு, நான் காட்டறேன்."

ஒரு வாய் எடுத்து, பக்கெட்டைக் குறிபார்த்து ஃபூ என்றேன். பாதி என் செருப்பில், மீதி மனைவியின் ரோஜாச் செடியில்.

"ஊரையே துப்பாதேன்னு வெரட்டுனவரு துப்பற லட்சணத்தப் பாரு!" என்றாள் மனைவி. அவள் டம்ளரை எடுத்தாள். ஒரு உறிஞ்சு, ஒரு சுற்று, ஒரே பீச்சு. பக்கெட்டுக்கு நடுவில், சத்தத்தோடு. எங்கே கற்றாள் என்று இன்று வரைக்கும் சொல்லவில்லை. மகள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தண்ணீர் தானாகவே வெளியே வந்தது. அப்புறம் தடையில்லை. பத்தாவது டம்ளரில் அவள் துப்பியது ஆறு ஆம்பளைகளையும் மிரள வைக்கும்.

வெள்ளிக்கிழமை நான் கடையில் ஒரே ரேஷன் கார்டை நான்கு தடவை ஜெராக்ஸ் எடுத்தேன். கார்டுக்காரர் ஒரு காப்பிதான் கேட்டிருந்தார்.

ஐந்தரைக்கு மகள் படியேறி வந்தாள். வந்ததும் மெஷின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள், சின்ன வயசில் வைப்பது போலவே. விரல் இன்னும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"ஸ்பூன் ஆடுச்சா?"

"ஒரு தடவ கப்புல டங்குனு பட்டுச்சு. யாரும் பாக்கல. அவங்கவங்க துப்பறதுல இருந்தாங்க."

"ஒத்துப்போச்சா?"

"மொத மொதலா கடைசிக் கப்பு வரைக்கும் நாக்கு வேல செஞ்சுச்சுப்பா. இத்தன நாள் நாப்பதத் தாண்டுனா எல்லாமே ஒரே டீ மாதிரிதான் இருக்கும். வாய்க்கு வந்தத சொல்லிட்டிருந்தேன். அதுலதான் மார்க்கு போயிட்டிருந்துச்சு." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "ஒரு காப்பி போடுங்க."

நிரந்தர ஆர்டர். இரண்டு பக்கமும் பார்த்தேன். தலைகீழாக வைத்துவிட்டு, எடுத்துத் திருப்பி வைத்தேன்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. என் சுண்டுவிரல் அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. அவள் விரல் நிற்க மேற்கொண்டு ஐந்தாறு நாள் பிடித்தது. நடந்தது இவ்வளவுதான்: என் மகள் துப்ப வேண்டிய டீயை இரண்டு மாதமாக முழுங்கிக்கொண்டிருந்தாள்.